ஒற்றை நாற்காலி

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், கனடாவின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் வெர்மான்ட் என்னும் சிறு மாகாணத்தில், மேட் ரிவர் க்ளென் என்று ஒரு பனிச்சறுக்கு மலை இருக்கிறது. இரவெல்லாம் பனி பொழிந்து ஓய்ந்த சனிக்கிழமைக் காலையில் அதன் அடிவாரத்தில் நீளமான வரிசை ஒன்றைக் காணலாம். மலையுச்சிக்கு ஏற்றிச் செல்லும் லிஃப்டின் ஒவ்வொரு நாற்காலியும் ஓர் ஆளைத்தான் சுமக்கும். நாற்காலிக்கு நாலு பேராக அள்ளிக்கொண்டு விரையும் யந்திரங்கள் அதே பள்ளத்தாக்கில் சில மைல் தூரத்தில் ஓடிக்கொண்டிருக்க, இங்கே கூடியவர்கள் 1948-ல் ஏற்பட்ட முறைக்குக் கட்டுப்பட்டு, ஒருவர் பின் ஒருவராக, குளிரில் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பார்கள். புது யந்திரம் வாங்க வகையில்லாமல் இப்படிக் கஷ்டப்படுகிறார்கள் போலும் என்று வெளியூர்க்காரர் அநுதாபப்படக்கூடும். ஆனால் வகை இருந்தது; பணமும் திரண்டது; லிஃப்டும் 2007-ல் அடியோடு புதுப்பிக்கப்பட்டது. அப்போது, இருவர் உட்காரும் நாற்காலியாக மாற்றிவிடலாம் என்ற யோசனை வந்தபோது, பழையபடி ஒற்றை நாற்காலியே வேண்டும் என்று மலையின் சொந்தக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். அந்தச் சொந்தக்காரர்களேதாம் வரிசையிலும் நிற்கிறார்கள். சௌகரியத்தைக் காசு கொடுத்து வாங்குவதே நாகரிகம் என்று கொண்டாடப்படும் தேசத்தில், காசு கொடுத்து அசௌகரியத்தைக் காப்பாற்றிய இந்த ஜனங்களின் மனப்போக்கைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது வீண்போகாது.

பனிமேல் சறுக்கி இறங்குவது மிகப் புராதனமான வித்தை. வடதேசத்து மனிதன் வேட்டைக்கும் பிரயாணத்துக்குமாகக் காலில் கட்டைகளைக் கட்டிக்கொண்ட காலம் பல ஆயிரம் வருஷங்களுக்கு முற்பட்டது. யந்திரத்தின் உதவியால் மலை ஏறுவதோ நேற்று வந்தது. அதற்கு முன் சறுக்க விரும்பியவர் காலையெல்லாம் கட்டைகளோடு மலையேறி, மத்தியானம் ஒருமுறை இறங்கி, அந்த ஒரே இறக்கத்தின் ஆனந்தத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரைக்கும் காலம் தள்ள வேண்டும். 1934 ஜனவரியில் வெர்மான்டின் உட்ஸ்டாக் என்ற ஊரில், ஒரு குடியானவருடைய மேய்ச்சல் சரிவில், மோட்டார் எஞ்ஜினால் சுழலும் முடிவில்லாத கயிறு ஒன்றைக் கட்டி ஓடவிட்டார்கள். ஓடுகிற கயிற்றைக் கையால் பற்றிக்கொண்டால் அது ஆளை இழுத்துக்கொண்டு மேலே போகும். அமெரிக்காவில் பனிச்சறுக்கு மலைகளின் சரித்திரம் அந்தக் கயிற்றிலிருந்து தொடங்குகிறது. இரண்டே வருஷம் கழித்து, ஐடஹோ மாகாணத்தின் ஸன் வாலியில், யூனியன் பஸிஃபிக் ரயில்வே ஸ்தாபனத்துக்காக ஜிம் கர்ரன் என்ற எஞ்ஜினியர் முதல் நாற்காலி லிஃப்டை வகுத்தார். வெப்பப் பிரதேசங்களில் வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலேற்றும் முறை அவருக்குத் தெரிந்திருந்தது. கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியையும், வாழைத்தார் இருந்த இடத்தில் மனிதனையும் வைத்தார். மனிதனைச் சரக்காகப் பாவிக்கும் தத்துவம் இத்தொழிலில் பிற்பாடு நுழைந்தது என்று யாரும் குறைசொல்ல முடியாது. அது பிறப்பிலேயே இருந்தது.

மேட் ரிவர் க்ளெனை உண்டாக்கிய ரோலண்ட் பால்மெடோ நியூயார்க்கில் முதலீட்டுத் தொழில் நடத்தியவர். லாப நஷ்டக் கணக்கு அறியாத கனவுக்காரர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. வெர்மான்டின் மிக உயர்ந்த சிகரமான மவுன்ட் மான்ஸ்ஃபீல்டில், ஸ்டோ என்ற ஊரருகே, 1940-ல் ஒற்றை நாற்காலி லிஃப்ட் ஏற்பட்டதற்கு அவருடைய முயற்சியும் ஒரு காரணம். ஆனால் லிஃப்டின் பின்னாலேயே ஹோட்டல்களும், ஹோட்டல்களின் பின்னாலேயே கூட்டமும், கூட்டத்தின் பின்னாலேயே வியாபாரமும் வந்து, மலை இரண்டாம்பட்சமாகிப் போவதைக் கண்ட அவர், அங்கிருந்து விலகி வேறு மலை தேடினார். ஃபேஸ்டன் என்ற கிராம எல்லைக்குள், அமெரிக்கச் சுதந்திரப் போரின் படைத்தலைவர் ஒருவர் பெயரைத் தாங்கிய ஜெனரல் ஸ்டார்க் மலை அகப்பட்டது. அடிவாரத்துக்கும் லிஃப்டின் உச்சிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 2,000 அடி. பனிச்சறுக்கு மலை என்பது வேடிக்கைப் பூங்காவும் அல்ல, வெறும் வியாபார ஸ்தலமும் அல்ல, அந்த விளையாட்டில் மெய்யான பற்றுள்ளவர்கள் கூடி வாழும் ஒரு சமூகம் என்பது அவருடைய கொள்கை. 1948-ல் அவர் நிறுவிய லிஃப்டின் கோபுரங்கள்தாம் இன்றும் நிற்கின்றன. அமெரிக்காவில் இப்போது ஓடுகிற ஒற்றை நாற்காலி லிஃப்டுகள் இரண்டே; மற்றொன்று அலாஸ்காவின் கார்டோவா என்னும் மீன்பிடித் துறைமுகத்தில், ஸன் வாலியிலிருந்து கழற்றிக் கொண்டுபோய் மாட்டியது.

இந்த லிஃப்டில் ஏறுவது எப்படி என்பதைச் சற்றுக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். வரிசையின் முனைக்கு வந்தவர், முந்தின நாற்காலி நகர்ந்ததும், கட்டைகளைத் தேய்த்துக்கொண்டே பனியில் குறித்த இடத்துக்குப் போய் நிற்கிறார். தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு வரும் நாற்காலி முழங்காலின் பின்புறத்தில் இடித்துவிடாமல், பக்கத்தில் நிற்கும் லிஃப்ட்காரர் அதைக் கையால் பிடித்து, அதன் வேகத்தை ஒரு கணம் தணித்துக் கொடுக்கிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஒவ்வொரு நாற்காலிக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் அந்தக் கை நீளுகிறது. பெரிய மலைகளில் யந்திரமே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் இந்த உபசாரத்துக்கு அங்கே வேலையில்லை. பிறகு கால்கள் தரையை விட்டு எழும்புகின்றன. பேசுவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. முன் நாற்காலியில் தெரிவது ஒரு முதுகு. பின்னால் யார் வருகிறார் என்பது தெரியாது. கோபுரத்தைக் கடக்கும்போது மட்டும் கம்பியைத் தாங்கும் உருளைகள் கடகடவென்று அதிர்ந்து அடங்குகின்றன. கீழே முதலில் வெண்பட்டைப் பூர்ச்ச மரங்கள். மேலே போகப் போக, பனியின் கனத்தால் கிளை தாழ்ந்த ஊசியிலை மரங்கள். அவற்றின் நடுவே முயல் தாண்டிப் போன தடம். காற்று அடித்தால் நாற்காலி ஆடும். மூக்கு நுனி மரத்துப்போகும். கைவிரல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். பத்து நிமிஷத்துக்குக் குறையாத இந்தப் பிரயாணத்தில், கூட்டத்தோடு வந்தவரும் தனிமனிதராகிவிடுகிறார். சம்சாரத்தோடும் குழந்தைகளோடும் சிநேகிதர்களோடும் வந்தவர்களுக்கு அப்படியொரு பத்து நிமிஷம் இக்காலத்தில் வேறெங்கே கிடைக்கிறது?

ஆனால் ஒற்றை நாற்காலியின் முக்கியமான விசேஷம் இந்த ஏகாந்த ரஸத்தில் இல்லை. அது சாதாரணக் கணக்கில் இருக்கிறது. இந்த லிஃப்ட் மணிக்குச் சுமார் 500 பேரை உச்சியில் இறக்கிவிடும். அடிவாரச் சரிவுகளுக்கு இரட்டை நாற்காலி லிஃப்டுகள் வேறு உண்டென்றாலும், உச்சிக்குப் போக இது ஒன்றே வழி. ஒருவர் இறங்கி வரக் கால் மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், உச்சியிலிருந்து இறங்கும் பாதைகள் அத்தனையிலும் சேர்த்து எந்த நிமிஷத்திலும் இருப்பவர் 125 பேர். நாலு பேர் உட்காரும் அதிவேக லிஃப்ட் மணிக்கு 2,400 பேரை ஏற்றவல்லது. அதை இங்கே நிறுத்தினால் அதே பாதைகளில் 600 பேர் முட்டிக்கொண்டு இறங்குவார்கள். மலை அகலமாகிவிடப் போவதில்லை. வேகமான லிஃப்ட் கூட்டத்தைக் கரைப்பதில்லை, கீழேயிருந்த கூட்டத்தை மேலே கொண்டுபோய் விடுகிறது; அதுவும் நின்றுகொண்டிருந்த கூட்டத்தை, மணிக்கு முப்பது மைல் வேகத்தில் ஓடும் கூட்டமாக மாற்றி விடுகிறது. கீழே அரைமணி காத்திருந்துவிட்டு மேலே தனியாக இறங்குவது மேலா, கீழே காத்திராமல் ஏறி மேலே ஒருவர்மேல் ஒருவர் விழுந்து இறங்குவது மேலா என்ற கேள்வியை எல்லோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதில்லை. இந்த மலைக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். விடையைத் தங்கள் சங்கத்தின் நோக்கத்திலேயே, மலைமேல் சறுக்குவோர் நெருக்கம் குறைவாக இருக்கவேண்டும் என்று, எழுதியும் வைத்துவிட்டார்கள்.

கணக்கின் பலன் பாதைகளில் தெரிகிறது. மேட் ரிவர் க்ளெனின் பாதைகள் குறுகியவை. மலையின் போக்கை அநுசரித்து வளைந்து, பாறையைக் கண்டால் ஒதுங்கி, ஓடை உறைந்து நிற்கும் இடத்தில் அதன்மேலேயே குதித்து இறங்குபவை. முக்காலே மூன்று வீசமும் வானம் கொடுத்த பனிதான். அடிவாரத்தில் சிறிதளவே யந்திரப் பனி உண்டு. இரவில் பெரிய வண்டிகளை ஓட்டிப் பனியை மட்டமாக இழைத்து வைக்கும் வழக்கம் பிற இடங்களில் நியதியாகிவிட்டது. இங்கே மேல் பாதைகளில் பெரும்பாலானவற்றை அப்படி இழைப்பதில்லை. அதனால் அவற்றில் மேடுபள்ளங்கள் ஏற்படுகின்றன. இந்த மேடுகளை யாரும் திட்டமிட்டுக் கட்டுவதில்லை. முதலில் இறங்கியவர் ஒரு வளைவில் கொஞ்சம் பனியை ஒதுக்கித் தள்ளுகிறார். அடுத்து வருபவருக்கு அந்தத் தடத்திலேயே திரும்புவது சுலபமாயிருக்கிறது. அவரும் கொஞ்சம் தள்ளுகிறார். நூறு பேர் போனபின் தடம் பள்ளமாகவும், ஒதுங்கிய பனி இடுப்பளவு மேடாகவும் நிற்கிறது. பின்னால் வருகிறவன் மலையோடு மாத்திரம் அல்ல, தனக்கு முன்னால் இறங்கிய அத்தனை பேருடைய முடிவுகளோடும் போராட வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் இரவும் இந்தச் சரித்திரத்தை அழித்துவிட்டு மறுநாள் காலையில் வழவழப்பான வெள்ளைக் காகிதத்தை விரித்து வைப்பது விருந்தாளிகளுக்குச் சுகமான ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் முடிந்தால் சறுக்கிப் பார் என்பதையே விருதுவாக்காக வைத்துக்கொண்டிருக்கும் இந்த மலை, வந்தவருடைய திறமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. வந்தவர் தம் திறமையை அதற்கேற்ப வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றே எதிர்பார்க்கிறது.

சிறிய மலை என்றால் சாமர்த்தியமும் சிறியதாயிருக்கும் என்று எண்ணிவிடலாகாது. இதே வெர்மான்டில் ரிச்மண்ட் என்ற ஊரில், மிக்கி காக்ரன், ஜின்னி காக்ரன் என்ற தம்பதிகள் 1961-ல் தங்கள் வீட்டின் பின்புறமிருந்த குன்றில் இழுகயிறு ஒன்றைப் போட்டுத் தங்கள் நாலு குழந்தைகளுக்கும் சறுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தைகள் கயிற்றைப் பிடித்து ஏறுவதும் இறங்குவதுமாக இருட்டும் வரையில் பழகினார்கள். நாலு பேரும் ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போனார்கள். அவர்களில் பார்பரா ஆன் 1972-ல் ஜப்பானின் ஸப்போரோவில், ஒரு விநாடியில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசத்தில், ஸ்லாலம் பந்தயத்தின் தங்கப் பதக்கத்தை வென்றார். அவருடைய மகன் ரயான் ஐம்பது வருஷம் கழித்து, 2022-ல் பெய்ஜிங்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அந்தக் குன்று இன்றும் லாப நோக்கில்லாத ஸ்தாபனமாக நடக்கிறது. ஈஸ்ட் காரிந்த் கிராமத்தில் 1936-ல் தொடங்கிய நார்த்ஈஸ்ட் ஸ்லோப்ஸ் என்ற சரிவையோ கிராமத்தாரே கூலியின்றி முறைபோட்டு நடத்துகிறார்கள். ஈரக் கயிறு விரலிடுக்கில் ஓடும்போது கையுறை தேய்ந்துபோகிறது. பிடி தளர்ந்தால் பின்னால் வருபவர்மேல் சரிய வேண்டியதுதான். அப்படிச் சரிந்து எழுந்துதான் அந்த ஊர்க் குழந்தைகள் கற்கின்றன. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஊர் நூல்நிலையத்துக்கும் உள்ள ஸ்தானம் அங்கே ஊர்மலைக்கும் உண்டு.

இத்தகைய மலைகள் அருகி வருகின்றன. நியூ இங்கிலாந்து என்று வழங்கும் ஆறு மாகாணங்களில் மட்டும், ஒரு காலத்தில் நடந்து பின்னால் கைவிடப்பட்ட சறுக்கு மலைகள் 600-க்கு மேல் என்று ஆர்வலர்கள் தேடிக் குறித்திருக்கிறார்கள். எஞ்சிய பெரிய மலைகளில் பல ஒரு சில நிறுவனங்களின் கையில் போய்ச் சேர்ந்துவிட்டன. வெயில் ரிசார்ட்ஸ் என்னும் நிறுவனம் 2008-ல் எபிக் என்றும், ஆல்டெரா என்னும் நிறுவனம் 2018-ல் ஐகான் என்றும் பருவச் சீட்டுகளை வெளியிட்டன. ஒரு சீட்டுக்குப் பல மலைகள். பனி விழுமுன்பே பணம் கைக்கு வந்துவிடுவதால் வானம் பொய்த்தாலும் கம்பெனிக்குக் கவலை குறைவு. சீட்டு வாங்கியவருக்கு ஒவ்வொரு நாளும் இனாம் போலத் தோன்றுவதால் அவர் வந்துகொண்டே இருப்பார். வியாபார நோக்கில் இது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். பருவச் சீட்டு இல்லாமல் வெயில் மலையில் விசேஷ நாளொன்றில் ஒரு நாள் சறுக்க விரும்புகிறவர் 300 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்பது அதன் மறுபக்கம். பால்மெடோ எந்த ஸ்டோவைவிட்டு விலகினாரோ அந்த மலை 2017-ல் வெயில் நிறுவனத்தைச் சேர்ந்தது. மேட் ரிவர் க்ளெனின் பள்ளத்தாக்கிலேயே 1958-ல் தோன்றி, ஆரம்ப காலத்தில் நவநாகரிகச் சீமாட்டிகளின் வரத்தால் மஸ்காரா மலை என்று பரிகாசம் செய்யப்பட்ட ஷுகர்புஷ், 2020-ல் ஆல்டெராவுக்குப் போயிற்று. நடுவில் இந்த ஒரு மலை மட்டும் தப்பி நின்றது எப்படி?

பழமையில் வைத்த பிரியம் மட்டுமே ஒரு மலையைக் காப்பாற்றாது. 1970-களில் பிராட் குடும்பத்தார் மேட் ரிவர் க்ளெனை வாங்கினார்கள். கணவர் இறந்தபின் பெட்ஸி பிராட் என்ற அம்மையார் அதைத் தாமே நடத்தினார். வயது ஏறியபோது, அதிக விலை கொடுக்கக்கூடிய கம்பெனியைத் தேடாமல், அங்கே சறுக்குகிறவர்களுக்கே விற்க முன்வந்தார். 1995-ல் அவர்கள் ஆளுக்கு 1,500 டாலர் வீதம் பங்கு எடுத்து, ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து மலையை வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் சறுக்குகிறவர்களே கூட்டுறவு முறையில் உடைமையாளர்களான முதல் மலை அது. பன்னிரண்டு வருஷம் கழித்து லிஃப்ட் விஷயம் வந்தபோது, வெர்மான்டின் பழஞ்சின்னப் பாதுகாப்பு அறக்கட்டளையின் துணையோடு நன்கொடை திரட்டி, கோபுரங்களைக் கழற்றி இறக்கிப் புதுப்பித்து மறுபடி நிறுத்தினார்கள். 2012-ல் அந்த மலை தேசியச் சரித்திரச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. பனிச்சறுக்கு மலை ஒன்றுக்கு இந்தக் கௌரவம் கிடைப்பது அபூர்வம்.

இவ்வளவு புகழ்ந்தபின் ஆக்ஷேபத்தையும் சொல்லாவிட்டால் பக்ஷபாதமாகும். ஸ்னோபோர்டு என்னும் ஒற்றைப் பலகையில் இறங்குபவர்களை இந்த மலை அனுமதிப்பதில்லை; அமெரிக்காவில் இந்தத் தடை உள்ள மலைகள் மூன்று, மற்ற இரண்டும் யூட்டா மாகாணத்தில் இருக்கின்றன. ஒற்றை நாற்காலியிலிருந்து பலகைக்காரர்கள் இறங்குவதில் உள்ள சிரமம் ஆதியில் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. காரணம் எப்படியிருந்தாலும், பனியையும் மலையையும் சமமாக நேசிக்கும் இளைஞன் ஒருவனைக் காலில் கட்டியிருக்கும் பலகையின் எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்பி அனுப்புவது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. பழையதைக் காப்பாற்றுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. காக்க வேண்டிய பொருளையும், அதைச் சுற்றி வளர்ந்துவிட்ட தங்கள் வழக்கங்களையும் அவர்களால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. நெருக்கத்தைக் குறைப்பதற்கு ஒற்றை நாற்காலி அவசியம். அதற்கு அப்பால் இந்தத் தடை எதைக் காக்கிறது என்பது விளங்கவில்லை. ஆயினும், இந்தத் தவறைத் திருத்தும் அதிகாரம் பங்குதாரர்களின் ஓட்டில் இருக்கிறது. தூரத்து நகரத்தில் இருக்கும் நிர்வாகக் குழுவின் கையில் இல்லை. திருத்தக்கூடிய தவறு என்பதே ஓர் ஆறுதல்.

இதைவிடப் பெரிய சங்கடம் வானத்திலிருந்து வருகிறது. வெர்மான்டின் குளிர்காலம் சூடேறி வருகிறது. ஜனவரியிலும் மழை பெய்கிறது. பெய்த மழை மறுநாள் இரவே பாறையாக உறைந்துவிடுகிறது. யந்திரப் பனியை நம்பும் பெரிய மலைகள் இரண்டு குளிர்ந்த இரவு கிடைத்தால் பாதைகளை மறுபடி வெள்ளையாக்கிவிடுகின்றன. இயற்கைப் பனியை நம்பிய மலை காத்திருக்க வேண்டும், சில சமயம் கதவைச் சாத்திக்கொள்ளவும் வேண்டும். இவர்களும் பெருமளவில் யந்திரப் பனிக்குப் போனால் அதற்குத் தண்ணீர்த் தேக்கமும் குழாயும் காற்றழுத்தப் பொறிகளும் வேண்டும். அவற்றின் கடனை அடைக்கக் கூட்டம் வேண்டும். கூட்டத்தை ஏற்றப் பெரிய லிஃப்ட் வேண்டும். ஒரு சௌகரியம் தனியாக வருவதில்லை. முதல் சௌகரியத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு உறுதி போதும். மூன்றாவதை வேண்டாம் என்று சொல்ல அநேகமாக யாராலும் முடிவதில்லை. அந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் நிற்பது என்பதை இனி வரும் குளிர்காலங்களில் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும்.

அந்தத் தீர்மானம் எதுவானாலும், அதைச் செய்யப்போகிறவர்கள் விளைவை அநுபவிக்கப்போகிறவர்களாகவே இருப்பார்கள் என்பதுதான் நான் இந்தச் சிறு மலையிடம் காணும் பெருமை. பழைய லிஃப்டையும் குறுகிய பாதையையும் படம் எடுத்துச் சுவரில் மாட்டிக்கொள்ள எல்லா ஊரிலும் ஆட்கள் கிடைப்பார்கள்; அவற்றுக்காகப் பங்கு எடுத்து, கூட்டத்துக்குப் போய் ஓட்டுப் போட்டு, அந்த ஓட்டின் பலனாகத் தாங்களும் குளிரில் அரைமணி நேரம் நிற்கச் சம்மதிப்பவர்கள் குறைவு. நம் ஊர் எதுவாக இருந்தாலும் அங்கே காக்கத் தகுந்தது ஏதோ ஒன்று இருக்கும். அதைக் காக்க விரும்புகிறவர்கள் மனுப்போடுவதோடு நில்லாமல், கூடி அதை வாங்க முடியுமா என்று முதலில் விசாரிக்கட்டும்.